மேடையிலும் மாணவன்: ராண்டி ரோட்ஸ் வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)



பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு இசை என்றால் அது பெரும்பாலும் உழைப்போடும் கும்பிடுதலோடும் சேர்ந்தே இருக்கும். கரைவலை இழுக்கும்போது பெரியவர்கள் பாடும் அம்பாப் பாட்டு ஒன்று. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஒன்று. அதிகாலையில் பள்ளிவாசல் பாங்கும், மாலையில் மாதா கோயில் மணியும் எங்கள் குப்பத்துக்குக் காற்றோடு வந்து சேரும். இவற்றுக்கு நடுவில் வளர்ந்த நான், கடல்கடந்த அமெரிக்காவில் பிறந்து, ஹெவி மெட்டல் என்னும் பேரிரைச்சல் இசையில் பெயர் பெற்று, 25 வயதிலேயே மறைந்துபோன ஒரு கிடார்க் கலைஞரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காமராசரைப் பற்றியும் சர் சி.வி. இராமனைப் பற்றியும் எழுதத் தகுந்தவர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். ஆனால் ராண்டி ரோட்ஸ் என்னும் இந்த மனிதருக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். என் படிப்பு பாதியில் நிற்காமல் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

முதலில் கேட்டது

எங்கள் ஊர் மாதா கோயில் பாடற்குழுவில் கிடார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பகலில் எண்ணூர்ப் பக்கம் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிடார். நான் பிளஸ் டூ படிக்கும்போது அவர்தான் எனக்கு விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் மாலை, வலைகள் காய்ந்துகொண்டிருந்த மணலில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு சிறு வாசிப்பைப் போட்டுக் காட்டினார். ஒரு நிமிடம்கூட முழுதாக இல்லை. ஒற்றைக் கிடார், மெல்லிய ஓசை. தாலாட்டைப் போல வந்து நின்றுவிட்டது. நான் அதை ஏதோ கோயில் இசை என்றே எண்ணினேன். அது ஹெவி மெட்டல் இசைத்தட்டு ஒன்றில் வரும் துண்டு என்றும், ஓர் இளைஞர் தம் தாயாருக்காக அமைத்தது என்றும் அண்ணன் சொன்னபோது நம்ப முடியவில்லை. அடுத்து அதே இசைத்தட்டின் வேறொரு பாடலைப் போட்டார். கைப்பேசியே வெடித்துவிடும் போலிருந்தது! இரண்டையும் வாசித்தவை ஒரே கைகள். அந்தக் கைகளுக்கு உரியவரை அறிய வேண்டும் என்ற ஆவல் அன்று பிறந்தது.

ஹெவி மெட்டல் என்றால் என்ன?

வாழ்க்கைக்குள் நுழையுமுன் இந்த இசையைப் பற்றிச் சிறிது சொல்வது தகும். மின்சாரக் கிடாரின் கம்பிகள் எஃகினால் ஆனவை. கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் இருக்கும். கம்பி அதிரும்போது காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831ஆம் ஆண்டு ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான் இது. இச்சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கி வழியாக ஒலியாக்குகிறார்கள். பெருக்கியால் தாங்க முடியாத அளவுக்குக் கூட்டினால், அலையின் மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. மூலச் சுரத்தோடு புதிய மேற்சுரங்கள் பல சேர்ந்துகொள்கின்றன. திருவிழாவில் மைக் செட்டுக்காரர் அளவுக்கு மீறித் திருகிவிட்டால் கூம்பு ஒலிபெருக்கி கரகரவென்று கத்துமே, அதே விளைவுதான். நாம் குறையென்று காதைப் பொத்திக்கொண்டதை இவர்கள் ஒரு வண்ணமாக எடுத்துக்கொண்டார்கள்.

இவ்விசை தோன்றிய இடமும் நாம் அறியத்தக்கது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஒரு தொழிற்சாலை நகரம். அங்கே உலோகத் தகடு ஆலையில் வேலை செய்த டோனி அயோமி என்னும் இளைஞர், இயந்திரத்தில் சிக்கி வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கம் உள்ள அவருக்குக் கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. அவர் பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே உறை செய்து மாட்டிக்கொண்டார். பின்னாளில் வலி குறையக் கம்பிகளின் முறுக்கைத் தளர்த்தி வாசித்தார். அதனால் ஓசை கீழிறங்கிக் கனத்தது. அவரும் ஆஸி ஆஸ்போர்ன் என்னும் பாடகரும் மற்றும் இருவரும் சேர்ந்த பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970இல் வெளிவந்தது. ஹெவி மெட்டலின் தொடக்கமாகப் பலரும் அதையே குறிக்கிறார்கள். அந்த ஆஸி ஆஸ்போர்ன்தான் பின்னர் நம் ராண்டியின் வாழ்வை மாற்றியவர்.

பிறப்பும் இளமையும்

ராண்டல் வில்லியம் ரோட்ஸ் 1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தின் சான்டா மோனிகா நகரில் பிறந்தார். ஓர் அண்ணன், ஓர் அக்காள், அடுத்து இவர். தந்தையார் இசையாசிரியர். ஆனால் ராண்டி கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் குடும்பத்தை விட்டுப் பிரிந்து வேறு மணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகளையும் வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாயார் டெலோரஸ் ரோட்ஸின் தலையில் விழுந்தது.

அந்த அம்மையாரும் இசையாசிரியரே. வட ஹாலிவுட்டில் மியூசோனியா என்னும் சிறு இசைப்பள்ளியை நடத்திவந்தார். பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வந்த வருவாயில் தம் பிள்ளைகளை வளர்த்தார். இசையாசிரியர் வீடாக இருந்தும் இசைத்தட்டு கேட்கும் கருவி அந்த வீட்டில் இல்லை என்பர். பாட்டு வேண்டுமென்றால் தாங்களே வாசித்துக்கொள்ள வேண்டியதுதான்! இந்த இல்லாமை ஒருவகையில் பிள்ளைகளுக்கு நன்மையாயிற்று.

ஏறத்தாழ ஏழு வயதில் சிறுவன் ராண்டி, தாத்தாவின் பழைய கிடாரைக் கையில் எடுத்தான். தாயின் பள்ளியிலேயே நாட்டுப்புறக் கிடாரும் செவ்வியல் கிடாரும் பயின்றான். இசையின் இலக்கணம் பிடிபட வேண்டும் என்பதற்காகத் தாயார் பியானோவும் கற்பித்தார். கர்நாடக இசையில் சரளி வரிசையைத் தாண்டாமல் கீர்த்தனைக்குப் போக விடமாட்டார்களே, அதைப்போன்ற கண்டிப்பு இது.

சில ஆண்டுகளில் மின்சாரக் கிடாரில் ஆசை பிறந்தது. மியூசோனியாவில் பணியாற்றிய ஸ்காட் ஷெல்லி என்னும் ஆசிரியரிடம் சேர்ந்தான். சிறிது காலம் சென்றதும் அந்த ஆசிரியர் டெலோரஸ் அம்மையாரிடம் வந்து, இனி இந்தப் பையனுக்குச் சொல்லித்தரத் தம்மிடம் ஒன்றும் இல்லை, அவன் தம்மைத் தாண்டிவிட்டான் என்று தெரிவித்தார். மாணவன் தன்னை மிஞ்சியதைத் தாமே வந்து சொல்லும் ஆசிரியர் வாய்ப்பது அரிது. ராண்டியின் பெருமையைச் சொல்வோர் பலரும் ஷெல்லியின் இந்தப் பெருந்தன்மையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

1971இல் அண்ணனுடன் சென்று ஆலிஸ் கூப்பர் என்னும் ராக் பாடகரின் நிகழ்ச்சியைக் கண்டான் ராண்டி. ஒளியும் ஒலியும் நாடகமும் கலந்த அந்த மேடை, பதினான்கு வயதுப் பையனின் மனத்தில் ஆழப் பதிந்தது. தானும் இப்படி ஒரு மேடையில் நிற்க வேண்டும் என்று அன்று உறுதி கொண்டான்.

பகலில் வகுப்பு, இரவில் மேடை

பள்ளியில் உடன் படித்த கெல்லி கார்னி என்னும் நண்பனுக்கு ராண்டியே பேஸ் கிடார் கற்றுக்கொடுத்து, அவனோடு சேர்ந்து குழு அமைத்தான். 1970களின் நடுவில் கெவின் டுப்ரோ என்னும் பாடகரும் சேர, அக்குழு குவையட் ரையட் என்னும் பெயர் பெற்றது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மன்றங்களில் அவர்களுக்குக் கூட்டம் திரண்டது. ஆனால் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் பதிவு செய்த இரண்டு இசைத்தொகுப்புகளும் ஜப்பானில் மட்டுமே வெளிவந்தன. தம் ஊரில் தம் இசைத்தட்டை வாங்க முடியாத நிலை.

இந்த ஆண்டுகளில் ராண்டி செய்த மற்றொரு பணிதான் என்னைக் கவர்ந்தது. பகல் முழுவதும் தாயின் பள்ளியில் அவர் கிடார் ஆசிரியர். சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராக வருவார்கள். ஒவ்வொருவனும் ஒவ்வொரு பாட்டைக் கற்றுத்தரச் சொல்வான். அதைக் கேட்டுப் பிரித்துப் பார்த்துச் சொல்லித்தர வேண்டும். பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் தம் கைக்கு ஒரு தனிப்போக்கு வந்தது என்று அவர் பின்னாளில் கூறியதுண்டு. என் குப்பத்தில் மாலைநேரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லித்தருகிறேன். பின்னங்கள் எனக்கு உண்மையில் விளங்கியது அவர்களுக்குச் சொல்லித்தந்த பிறகே. எனவே இந்தக் கூற்றின் உண்மையை நான் அறிவேன்.

இங்கிலாந்தின் அழைப்பு

1979இல் ஆஸி ஆஸ்போர்ன் பிளாக் சபாத்திலிருந்து விலக்கப்பட்டார். குடியும் போதையும் அவரைக் கெடுத்திருந்தன. புதிய குழு ஒன்றுக்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிடார்க் கலைஞர்களைத் தேடினார். நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் ராண்டியும் போனார். சிறிய பெருக்கி ஒன்றை எடுத்துச் சென்று, சுருதி சேர்த்து, கை பழகுவதற்காகச் சில வரிசைகளை வாசித்தார். பரீட்சை இனிமேல்தான் என்று அவர் நினைத்திருக்க, ஆஸி அதற்குள் இவரே போதும் என்று முடிவு செய்துவிட்டார் என்பது பலரும் சொல்லும் செய்தி.

ராண்டி இங்கிலாந்து சென்றார். 1980இல் சர்ரே மாவட்டத்தில் ரிட்ஜ் ஃபார்ம் என்னும் பண்ணை வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் பிளிஸார்ட் ஆஃப் ஆஸ் என்னும் இசைத்தொகுப்பு உருவாயிற்று. க்ரேஸி ட்ரெயின், மிஸ்டர் க்ரௌலி ஆகிய பாடல்கள் இதில் உள்ளவையே. இன்று உலகெங்கும் கிடார் பழகும் பிள்ளைகள் க்ரேஸி ட்ரெயின் பாடலின் தொடக்கத்தை வாசித்துப் பார்க்காமல் இருப்பதில்லை. அமெரிக்காவில் மட்டும் இத்தொகுப்பு 40 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. நான் மணலில் உட்கார்ந்து கேட்ட அந்தச் சிறு வாசிப்பும் இதில்தான் இருக்கிறது. அதன் பெயர் டீ. டெலோரஸ் என்னும் தாயின் பெயருடைய சுருக்கம். புயலைப் போன்ற பாடல்களுக்கு நடுவே ஏறத்தாழ ஐம்பது விநாடி அமைதி.

இரண்டாம் தொகுப்பான டைரி ஆஃப் எ மேட்மேன் 1981 நவம்பரில் வந்தது. இதன் தலைப்புப் பாடலின் தொடக்கத்தில் கியூபா நாட்டுச் செவ்வியல் கிடார் மேதை லியோ பிரவ்வரின் பயிற்சிப் பாடம் ஒன்றின் சாயல் உண்டு. பழைய செவ்வியல் இசையின் ஒழுங்கை ராக் இசைக்குள் கொண்டுவந்தவர்கள் இவருக்கு முன்னும் இருந்தார்கள். ஆயினும் ஹெவி மெட்டலில் அதை ஆழ ஊன்றி, பின்வந்தோர் பலருக்கு வழிகாட்டியவர் ராண்டி எனலாம்.

அவருடைய உழைப்புக்கு ஒரு சான்று சொல்கிறேன். பாட்டின் நடுவே வரும் தனி வாசிப்பை அவர் ஒருமுறை பதிவு செய்வதோடு நிறுத்தமாட்டார். அதையே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாசித்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். அப்போதுதான் ஓசை தடித்து வரும். மின்னல் வேகத்தில் ஓடும் சுரங்களை மும்முறையும் மயிரிழை பிசகாமல் வாசிப்பது எளிதா? நம் ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை மூன்று முறை எடுத்துச் சராசரி காண்கிறோம். மூன்றும் ஒன்றாக வந்ததாக எனக்கு நினைவில்லை!

அந்நியக் கருவி ஒன்றைத் தன் மரபுக்குப் பழக்குவது நமக்குப் புதிதன்று. மேல்நாட்டு வயலினைப் பாலுசாமி தீட்சிதர் கர்நாடக இசைக்கு ஏற்றார். நம் ஏரிக்கு வடக்கே ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ், மின்சார மாண்டலினில் இராக ஆலாபனை செய்து சென்னையை வியக்க வைத்தார்; அவரும் 2014இல் 45 வயதிலேயே மறைந்தார். ராண்டி செய்தது இதற்கு எதிர்த்திசைப் பயணம். மரபில் கற்றதை எடுத்துக்கொண்டுபோய்ப் புதிய இரைச்சலுக்குள் வைத்தார்.

ஊர்தோறும் ஓர் ஆசிரியர்

1981ஆம் ஆண்டின் பெரும்பகுதி சுற்றுப்பயணம். ஆயிரக்கணக்கானோர் கூடும் அரங்குகள். அவ்வாண்டு கிடார் பிளேயர் என்னும் புகழ்பெற்ற இதழின் வாசகர்கள் அவரைச் சிறந்த புதிய திறமையாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். குழுவில் மற்றவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் குடியிலும் கேளிக்கையிலும் ஆழ்ந்துவிடுவார்கள். ஆஸியின் மேடைச் சேட்டைகள் செய்தித்தாள்களை நிரப்பின.

ராண்டி என்ன செய்தார் தெரியுமா? புதிய ஊர் ஒன்றில் இறங்கியதும் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, அவ்வூரில் செவ்வியல் கிடார் கற்பிக்கும் ஆசிரியர் யார் என்று தேடுவார். பணம் கட்டி ஒருமணி நேரம் பாடம் கேட்பார். மாலையில் பல்லாயிரம் பேர் கைதட்டப்போகும் கலைஞர், காலையில் யாரோ ஓர் உள்ளூர் ஆசிரியர் முன் மாணவராக உட்கார்ந்திருப்பார். சில வேளைகளில் ஆசிரியரே இவரை அடையாளம் கண்டுகொண்டு, பாடம் தலைகீழாகி, இவர் ஆசிரியருக்குச் சொல்லித்தர நேர்ந்ததும் உண்டாம்.

இதற்கும் மேலே ஒன்று. புகழ் ஏறிக்கொண்டிருந்த அந்த வேளையிலேயே, ராக் இசையை விட்டு விலகி, லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து செவ்வியல் கிடாரில் பட்டம் பெறப் போவதாகத் தம் குழுவினரிடம் சொல்லிவிட்டார். இன்னும் சில ஆண்டு பொறுத்தால் இதில் ஒரு பல்கலைக்கழகத்தையே விலைக்கு வாங்கலாமே என்ற பொருளில் ஆஸி தடுத்துப் பார்த்தாராம். ராண்டியின் மனம் மாறவில்லை.

இந்த இடத்தில் என் கதையைச் சிறிது சொல்ல அனுமதி வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஏரியில் வலை போடுகிறார். ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடி முறைவைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டைப் பாடு என்போம். அந்தப் பாட்டில் எங்கள் வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. அம்மா இறாலும் நண்டும் கூடையில் எடுத்துக்கொண்டு பேருந்தில் பொன்னேரி வரை சென்று விற்றுவருவார். முதலாமாண்டில் எனக்குக் கணிதத்தில் அரியர் விழுந்தது. அதே மழைக்காலத்தில் அப்பாவின் வலை கிழிந்தது. முகத்துவாரம் தூர்ந்து இறால் வரத்தும் குறைந்திருந்தது. துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. படித்து என்ன ஆகப்போகிறது, கையில் காசு வந்தால் போதும் என்று நான் தீர்மானித்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல எனக்குப் பேருந்துக் காசை எடுத்து வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் ராண்டி பட்டம் படிக்க விரும்பிய செய்தியை நான் படித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் உலகப் புகழை வைத்துக்கொண்டு ஒருவர் கல்லூரியைத் தேடிப் போக ஆசைப்பட்டிருக்கிறார். கல்லூரி வாசலுக்குள் நின்றுகொண்டு நான் வெளியே போக வழி தேடுகிறேன்! பட்டம் என்பது வேலைக்கான சீட்டு மட்டுமே என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். வேலையும் பணமும் புகழும் எல்லாம் கிடைத்த பிறகும் ஒருவருக்கு அது வேண்டியிருந்தது என்றால், அதில் வேறு ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? அந்த வேறு ஏதோ என்ன என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கிடங்கு வேலைக்குப் போகவில்லை. அடுத்த பருவத்தில் அரியரை எழுதித் தேறினேன். வலைக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை, அதையும் மறைக்கவில்லை.

1982 மார்ச் 19

ராண்டிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1982 மார்ச் 18ஆம் நாள் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் அவருடைய கடைசி நிகழ்ச்சி நடந்தது. அடுத்த நிகழ்ச்சிக்காக ஆர்லாண்டோ நோக்கிப் பேருந்தில் இரவு முழுவதும் பயணம். காலையில் புளோரிடாவின் லீஸ்பர்க் என்னும் ஊரில், சிறிய விமானத் தளம் ஒன்றின் அருகே வண்டியை நிறுத்தினார்கள். பேருந்தை ஓட்டிவந்தவருக்கு விமானம் ஓட்டவும் தெரியும். அங்கே நின்ற ஒற்றை எஞ்சின் பீச்கிராஃப்ட் விமானத்தை உரிமையாளரின் அனுமதியின்றி எடுத்தார். முதலில் இருவரை ஏற்றிச் சுற்றிக் காட்டி இறக்கினார். இரண்டாம் முறை ராண்டியும், குழுவின் ஒப்பனையாளரான ரேச்சல் யங்பிளட் என்னும் பெண்மணியும் ஏறினார்கள்.

ராண்டிக்கு விமானம் என்றாலே அச்சம். ஆயினும் உடன் வருபவர் இதயநோய் உள்ளவர், ஆகவே மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்று ஓட்டுநர் வாக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். வானிலிருந்து படம் எடுக்கும் ஆசையும் இருந்ததாம். விமானம் நின்றிருந்த பேருந்தை ஒட்டித் தாழப் பறந்தது. இறக்கை பேருந்தில் உரசியது. விமானம் நிலைகுலைந்து மரத்தில் மோதி, அருகிலிருந்த மாளிகையின் வண்டிக் கொட்டகையில் விழுந்து எரிந்தது. மூவரும் அவ்விடத்திலேயே மாண்டனர். பேருந்துக்குள் ஆஸி உறங்கிக்கொண்டிருந்தார். பின்னர் நடந்த சோதனையில் ஓட்டுநரின் உடலில் கொக்கேன் இருந்தது தெரிந்தது. ராண்டியின் உடலில் எந்தப் போதைப்பொருளும் இல்லை. அவருக்கு அப்போது வயது 25.

இதை ஒருநாள் இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு 2011ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று, பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களை அளவுக்கு மீறி ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. கரையில் வரிசையாகக் கிடத்தியிருந்ததை யாரும் என்னைப் பார்க்க விடவில்லை. உடல்களைத் தேடிப் போன படகுகளில் அப்பாவும் இருந்தார். தண்ணீர் யாரையும் பகைத்துக்கொள்வதில்லை, ஓட்டுகிறவனைப் பார்த்துத்தான் வண்டியிலும் ஏற வேண்டும் படகிலும் ஏற வேண்டும், அச்சம் வந்தால் அந்த அச்சத்துக்குக் காது கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னார். ராண்டி யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த இருபத்தைந்து வயதுப் பையனுக்காக அவர் வருந்தியதை நான் கண்டேன்.

மறைவுக்குப் பின்

தாயாருக்கு விழுந்த அடி எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் டெலோரஸ் அம்மையார் மியூசோனியாவை மூடவில்லை. மேலும் பல்லாண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் ராண்டியின் அன்பர்கள் அந்தச் சிறிய பள்ளியைத் தேடி வந்தார்கள். அவர் 2015ஆம் ஆண்டு 95ஆம் வயதில் காலமானார்.

ராண்டி விட்டு வந்த குவையட் ரையட் குழு 1983இல் வெளியிட்ட மெட்டல் ஹெல்த் என்னும் தொகுப்பு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஒரு ஹெவி மெட்டல் தொகுப்பு அந்த இடத்தைப் பெற்றது அதுவே முதல்முறை. ராண்டியின் மேடை வாசிப்புகளை ஆஸி 1987இல் ட்ரிப்யூட் என்னும் பெயரில் வெளியிட்டார். 2021இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் ராண்டிக்கு இசைச் சிறப்பு விருது வழங்கியது. ராண்டியை வாழ்நாளெல்லாம் நினைவுகூர்ந்த ஆஸியும் 2025 ஜூலையில் மறைந்தார்.

முடிவுரை

நண்பர்களே! இந்த இசை முழுவதும் எனக்குப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சில பாடல்களை இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னால் கேட்க முடிவதில்லை. அம்மாவுக்கோ அது டீசல் எஞ்சின் பழுதானது போல இருக்கிறதாம். ஆனால் டீ என்னும் அந்த ஐம்பது விநாடி வாசிப்பை அம்மா கேட்டார். மகன் தாய்க்காகச் செய்தது என்று சொன்னதும், கையிலிருந்த மீனை வைத்துவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னார்.

ராண்டி ரோட்ஸ் முழுமையாக வெளியிட்டுப் புகழ் பெற்றவை ஆஸியோடு செய்த இரண்டே தொகுப்புகள். உலகறிய அவர் வாசித்த காலம் மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. அவர் பெற விரும்பிய பட்டம் கிடைக்காமலே போயிற்று. ஆயினும் மாணவராக இருப்பதற்கு அவர் ஒருநாளும் கூச்சப்படவில்லை. பல்லாயிரம் பேர் பார்த்த பிறகும் அவர் அதை விடவில்லை. அந்த ஒன்றை நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வகுப்பில் புரியவில்லை என்று கை தூக்கவே நமக்குத் தயக்கம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் குப்பத்துப் பையன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம். ஊர்தோறும் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி ஆசிரியரைத் தேடிய அந்த மனிதரை நினைத்துக்கொண்டு, இப்பருவத்தில் நான் மூன்று முறை கை தூக்கியிருக்கிறேன். மூன்று முறையும் எங்கள் பேராசிரியர் மீண்டும் முதலிலிருந்து விளக்கினார். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, தங்களுக்கும் அது அதுவரை புரியாமல்தான் இருந்தது என்று நண்பர்கள் இருவர் என்னிடம் வந்து சொன்னார்கள்.